குயின் வீதியில் முதல் வியாபாரம்

கனடாவுக்கு அழைக்கப்பட்டது என்னுடைய வலது கை. கையைத் தனியாக அனுப்ப வழியில்லாதபடியால் மீதி ஆளும் கூடப் போக வேண்டியதாயிற்று. விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டிருந்தார்கள். சொந்தக்காரரைப் பார்ப்பது என்று எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் விசா கிடைத்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் என் கைக்கு ராசி உண்டு என்று ஒரு பேச்சு. யார் கடை திறந்தாலும் முதல் வியாபாரம் நான்தான் செய்ய வேண்டும். சாவகச்சேரியில் சித்தப்பாவின் மகன் இரும்புக்கடை போட்டபோது முதல் ஆணிப் பொட்டலத்தை நான் வாங்கினேன். அவன் இப்போது மாடிவீட்டில் இருக்கிறான். அந்தப் பக்கத்தில் அப்போது வேறு இரும்புக்கடையே இருக்கவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொழும்பில் மச்சாள் ஒருத்தி தையல்கடை திறந்தபோது முதல் சட்டை எனக்குத்தான் தைத்தாள். கழுத்துப்பட்டி இறுகி மூச்சு முட்டியது. நல்லாயிருக்கு என்றேன். கடை ஓகோவென்று ஓடியது.

முதல் வியாபாரத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. விலை பேசக்கூடாது. கடன் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறை சொல்லக்கூடாது. முதலில் வாங்குகிறவரின் வாயிலிருந்து என்ன சொல் வருகிறதோ அதுதான் கடைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஆகவே நான் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லியே வயதுபோன ஆள்.

இந்த ராசியான கை என்னுடைய சொந்தக் கடையை மட்டும் கைவிட்டுவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் அப்பா தொடக்கிய மருந்துக்கடையைப் போன வருடம் மூடினேன். எதிரே கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக ஒரு புதுக்கடை வந்திருந்தது. சனம் குளிருக்குத்தான் அங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகை இறக்கிய பிறகு பக்கத்துச் சைக்கிள்கடைக்காரர் வெற்றிலை போட்டபடி சாதாரணமாகச் சொன்னார். "உங்கட படி உயரம் ஐயா. முழங்கால் நோவுக்கு மருந்து வாங்க வாறதுகள் உதில ஏற ஏலாமல் எதிர்ப்பக்கம் போகுதுகள்."

மாரி வெள்ளம் உள்ளே வராமலிருக்க அப்பா கட்டிய படிகள் அவை. என் முழங்கால் நல்ல முழங்கால். நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். காலையில் கடை திறக்கிற நேரம் குறை சொன்னால் வியாபாரத்துக்குக் கூடாது என்று விட்டுவிட்டாராம். அவரைக் கோபிக்க எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தை ஊரெல்லாம் நடைமுறைப்படுத்தியவனே நான்தானே.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் கடை மூடியதைச் சொல்லவில்லை. இந்த நிலையில்தான் அக்கா ரொறன்ரோவிலிருந்து கூப்பிட்டார். மகள் தர்ஷினி கடை திறக்கிறாளாம், நீ வந்துதான் முதல் வியாபாரம் செய்யவேணும், ரிக்கற் போட்டாயிற்று என்றார். முதல் தடவையாக என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

விமான நிலையத்தில் அக்கா கட்டிப்பிடிக்கவில்லை. வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பெட்டி உரசியதில் மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு இருந்தது. காருக்குள் ஏறியதும் கைப்பையிலிருந்து ஏதோ களிம்பை எடுத்துப் பூசினார். முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு மறுநாள்தான் நேரம் வந்தது.

அக்காவின் மருமகன், தர்ஷினியின் புருஷன் ஜெயன் கார் ஓட்டினான். ஃபோர்-ஓ-வன் என்று அவர்கள் சொல்லும் பெருந்தெருவில் ஒருமணித்தியாலத்துக்கும் மேலாக ஊர்ந்தோம். எங்களூரில் இவ்வளவு வாகனம் ஒரே பக்கமாகப் போனால் அது நல்லூர்த் தேர், அல்லது இடப்பெயர்வு. இங்கே அது வெறும் புதன்கிழமை. அவர்கள் இருக்கும் அஜக்ஸ் புறநகரில் வீடு மலிவென்று வந்தவர்கள் எல்லாரும் அந்த மலிவை இந்தத் தெருவில்தான் கட்டி முடிக்கிறார்கள் என்று ஜெயன் சொன்னான். அவன் கதைத்தது அவ்வளவுதான். மனைவி காப்புறுதிக் கந்தோர் வேலையை விட்டு, வீட்டையும் அடகு வைத்துக் கடை போடுவதில் அவனுக்கு இருந்த கருத்து அவன் முதுகிலேயே தெரிந்தது.

அக்காவின் கருத்து முதுகில் நிற்பதில்லை. "தமிழ்ச்சனம் முழுக்க ஸ்காபரோவில இருக்குது. இவள் டவுன்ரவுனில போய் வெள்ளையளுக்கு ரோல்ஸ் விக்கப்போறாளாம். அதுவும் நூறு வருசத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில. எங்கட ஆக்கள் பழைய வீட்டை விட்டுப்போட்டெல்லோ இஞ்ச வந்தது" என்றார். பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

அடுத்த நாள் கடைப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஐயர் திறப்புக்கோர்வையை வாங்கிச் சுவாமியின் காலடியில் வைத்துத் தந்தார். பக்கத்தில் இன்னும் பல கார்த் திறப்புகள் இருந்தன. நாங்கள் எங்களுடையதைத்தான் திரும்ப எடுத்தோம் என்பதை அக்கா பலமுறை சரிபார்த்தார்.

திரும்பும் வழியில் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் நிறுத்தித் தர்ஷினி மூன்று கடைகளில் ரோல்ஸ் வாங்கினாள். காருக்குள் மடியில் பெட்டியை வைத்து ஒவ்வொன்றையும் கத்தியால் நெடுக்காக வெட்டினாள். மாவின் தடிப்பைப் பார்த்தாள், உருளைக்கிழங்கை விரலால் நசித்தாள், மணந்தாள். பிரேதப் பரிசோதனை செய்யும் வைத்தியர்கூட இவ்வளவு ஆறுதலாகச் செய்வதில்லை. நான் மட்டும் செத்ததைச் சாப்பிட்டேன். மூன்றும் நல்லாயிருந்தன. இந்த முறை மனதாரச் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் தர்ஷினி என்னைக் குயின் வீதிக்குக் கூட்டிப்போனாள். நகரின் நடுவிலிருந்து கிழக்கே ஓடும் நீளத் தெரு. நடுவில் தண்டவாளம், அதில் ஸ்ரீட்கார் என்ற ரயில். கார்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கீழே கடை, மேலே குடியிருப்பு, அதற்கு மேலே யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில் செதுக்குவேலை. மேல்மாடி ஜன்னல்களுக்குப் புருவம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழே அதே கட்டடத்தில் கைத்தொலைபேசி திருத்துமிடம்.

கடை வாசலில் கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்றார். பெயர் டொறத்தி. அந்தத் தெருவின் பழைய கட்டடங்களைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்லிக் காட்டுவது அவருடைய வேலை. சம்பளம் கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை. தர்ஷினிக்குச் சாமான் இறங்கும் நேரம், என்னை அவரிடம் ஒப்படைத்தாள்.

டொறத்தி முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். தபால்கந்தோர் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து தொடங்கினோம். இப்போது அது தபால்கந்தோர் இல்லை, உடற்பயிற்சிக் கூடம். அடுத்த முடக்கில் சிங்கத்தலைகள் வைத்த வங்கி. அதற்குள் இப்போது கட்டில் மெத்தை விற்கிறார்கள். தேவாலயம் ஒன்று அடுக்குமாடி வீடாகியிருந்தது. கூர்மாடத்துக்குக் கீழே ஒருவர் பாத்திரம் கழுவுவது தெரிந்தது. ஒரு செங்கல் சுவரில் குதிரைத் தீவன விளம்பரம் மங்கலாக இருந்தது. அதை அழிக்க இப்போது அனுமதி இல்லையாம். யாழ்ப்பாணத்தில் சுவரில் எழுதியவற்றை அழிக்கத்தான் எங்களுக்கு அடிக்கடி உத்தரவு வந்தது.

ஓரிடத்தில் நின்று ஒரு முன்சுவரைக் காட்டினார். அழகான சுவர். ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்குப் பின்னால் வீடு இருக்கவில்லை. வானம் தெரிந்தது. இரும்புத் தூண்களால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கண்ணாடிக் கோபுரம் எழுப்புவார்கள், இதுதான் இந்த ஊரில் பாரம்பரியத்தைக் காப்பது என்று டொறத்தி கசப்போடு சொன்னார். எங்களூரிலும் முன்சுவர் மட்டும் நின்ற கட்டடங்கள் நிறைய இருந்தன, அதற்கு நாங்கள் ஷெல்லடி என்று பெயர் வைத்திருந்தோம் என்றேன்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

சுற்றி வந்து மறுபடி எங்கள் கடைக்கு முன்னால் நின்றோம். ஆக முதலில் இது என்ன கடையாக இருந்தது என்று கேட்டேன். தளபாடக் கடை என்றார். கதிரை, மேசை, அலுமாரி செய்தார்களாம். அந்தக் காலத்தில் அலுமாரி செய்கிறவர்கள்தான் சவப்பெட்டியும் செய்வது. நாளடைவில் அலுமாரி குறைந்து மற்றது கூடிவிட்டது. உள்ளே கூரை முழுக்கத் தகரத்தில் பூ அச்சடித்துப் பதித்திருக்கும், நகரத்திலேயே அப்படி வேறில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு வர்ணித்தார். வாருங்கள், பார்ப்போம் என்று நான் உள்ளே ஏறினேன்.

அவர் ஏறவில்லை. வாசலில் ஒற்றைக் கருங்கல் படி. நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்த, நல்ல உயரமான படி. டொறத்தி அதைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் அவர் போகவில்லை.

 ஆஸ்பத்திரி வீதியை விட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே படி எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.

தர்ஷினியிடம் படியைப் பற்றிப் பட்டும்படாமலும் கேட்டேன். "அது ஹெரிட்டேஜ் மாமா. கல்லில கை வைக்கக்கூடாது. வெட்டவும் ஏலாது, சீமெந்து பூசவும் ஏலாது. லீஸிலயே போட்டிருக்கு" என்றாள். இந்த இடத்தில் இதற்கு முன்னால் மெழுகுதிரிக் கடை இருந்தது, அதற்கு முன் பூக்கடை, அதற்கு முன் புகைக்குழல் கடை. ஒன்றும் நிலைக்கவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே, வெட்டி முடித்த சாமான் பெட்டியை மறுபடியும் வெட்டினாள்.

சவப்பெட்டி விஷயத்தை அக்காவிடம் சொல்வதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தோம். தளபாடக் கடை என்று நிறுத்திக்கொள்வது.

அன்று மாலை ரயிலில் அஜக்ஸுக்குத் திரும்பும்போது தர்ஷினி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "உங்கட கடை ஏன் மாமா பூட்டினது?"

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைப்பலகை இறங்கினால் ஸ்காபரோவில் அதற்குச் சத்தம் கேட்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தான்தான் மறைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்படியென்றால் என் கையில் இனி ஒன்றும் இல்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். 

"அம்மாவுக்கு ராசி வேணும். அதுக்கு உங்கட கை போதும்" என்றாள். "எனக்கு, கடை பூட்டின ஒராள் பக்கத்தில வேணும். திறந்த ஆக்கள் எல்லாரும் சூப்பர், சூப்பர் எண்டுதான் சொல்லுகினம்."

அப்போதாவது படியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. விடிந்தால் திறப்பு விழா, வீடு அடகில், கல்லை வெட்ட முடியாது. சொல்லி என்ன செய்ய என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். எதிர்க்கடை வந்தது, சனம் மாறிவிட்டது என்று எதையோ புலம்பினேன். அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

திறப்பு நாளன்று ஜெயனைத் தவிர எல்லாரும் விடிய முன்னரே வான் வண்டியில் கடைக்குப் புறப்பட்டார்கள். என்னை ஏற்றவில்லை. கடைக்காரரோடு ஒரே வாகனத்தில் வந்து இறங்குகிறவன் வீட்டுக்காரனே தவிர வாங்க வந்தவன் இல்லை, முதல் வியாபாரம் செய்கிறவன் தெருவால் தனியாக வரவேணும் என்பது அக்கா அன்று காலையில் கண்டுபிடித்த சட்டம். சுபநேரம் ஒன்பது மணியோடு முடிகிறது, அதற்கு முதல் வந்துவிடு என்றார். பிறகு காரில் புறப்பட்ட ஜெயன் போகிற வழியில் என்னை ரயிலடியில் இறக்கிவிட்டான். ஒரு பயண அட்டையைக் கையில் தந்து, எல்லா இடத்திலும் இதைத் தட்டுங்கோ என்றான்.

எல்லா இடத்திலும் தட்டினேன். ரயிலில் இருந்து நிலத்துக்கடி ரயில், அதிலிருந்து ஸ்ரீட்கார். எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: வாடகை ஏறிவிட்டது, ஆகவே இந்த வருடம் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் இல்லை. மற்றவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். நானும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பாலத்துக்கு முன்னால் ஸ்ரீட்கார் நின்றது. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, இனி இது வேறு தெருவால் சுற்றிப் போகும் என்று சாரதி ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லாரும் ஒரு சத்தமும் போடாமல் இறங்கினார்கள். யாழ்ப்பாண மினிபஸ்ஸில் இப்படிச் சொல்லியிருந்தால் நடத்துநரின் பரம்பரையே விசாரிக்கப்பட்டிருக்கும். என்னுடைய தொலைபேசி வீட்டு வைஃபையில் மட்டும் உயிரோடு இருக்கிற வகை. நடக்கத் தொடங்கினேன்.

எனக்கு வழிகாட்ட டொறத்தியின் கட்டடங்கள் இருந்தன. மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது; மணி எட்டரை. அடுத்தது சிங்கத்தலை வங்கி, அதைத் தாண்டி நாலாவது வாசல் எங்கள் கடை. தலையை நிமிர்த்திச் சிங்கத்தைத் தேடிக்கொண்டே நடந்தேன். தேவாலயம் கடந்தது, குதிரைத் தீவனச் சுவர் கடந்தது, சிங்கத்தைக் காணவில்லை. கடைசியில் நான் முன்பின் கண்டிராத ஒரு பூங்காவில் வந்து நின்றேன். நேற்று நின்ற வங்கியை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்கள் என்று விளங்கவில்லை.

நாயோடு வந்த ஓர் இளைஞனை நிறுத்தினேன். கடையின் ஆங்கிலப் பெயர் அவசரத்துக்கு நினைவில் வரவில்லை. வந்தது ஒன்றுதான், அதையே கேட்டேன். தம்பி, இந்தத் தெருவில் முன்னர் சவப்பெட்டி செய்த இடம் எது?

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முகம் தெளிந்தது; டொறத்தி அவனுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதவு திறக்காத கடையா என்று கேட்டான். தன்னுடைய சிநேகிதி அரை மணித்தியாலமாக அங்கே வரிசையில் நிற்கிறாளாம். உள்ளே சமையல் மணக்கிறதாம், ஆட்கள் நடமாடுகிறார்களாம், கதவை மட்டும் திறக்கிறார்கள் இல்லையாம். வந்த வழியே திரும்பிப் போங்கள், வெள்ளைச் சீலை சுற்றிய கட்டடத்துக்குக் கிட்ட என்றான்.

வங்கியைத் திருத்துவதற்காக நேற்றிரவுதான் தலையிலிருந்து கால்வரை சீலை சுற்றியிருக்கிறார்கள். சிங்கங்கள் எல்லாம் உள்ளே. அந்தத் தெருவில் நான் ஓடியதை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை; அங்கே காரணமில்லாமலே பலர் ஓடுகிறார்கள்.

கடை வாசலில் உண்மையாகவே வரிசை நின்றது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் பட்டுச்சேலையும் ஸ்வெற்றருமாக அக்கா, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு காவல் நின்றார். அடகு வைத்த வீட்டுக்குக் காசு கொண்டுவந்த சனத்தை வெளியில் நிறுத்தி, வழிதவறிய ஒரு கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது எங்கள் குடும்பம். இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். கோபித்துக்கொண்டு சிலர் போய்விட்டார்கள் என்று பிறகு ஜெயன் சொன்னான். வேறு சிலர், கதவு திறக்காத அளவுக்கு அப்படி என்ன கடை என்று வந்து சேர்ந்திருந்தார்கள்.

வரிசையில் சேராமல், விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். டொறத்தி. நல்ல தொப்பி போட்டிருந்தார். முன்னால் போங்கள், உங்களுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு வழிவிட்டார். நீங்களும் வாருங்கள் என்றேன். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றார்.

அக்கா கதவைத் திறந்தார். சுபநேரம் போய்விட்டதென்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. "வலது காலை வை" என்றார். வைத்தேன். நல்ல முழங்கால், சுகமாக ஏறியது.

தர்ஷினி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். ஒரு மட்டன் ரோல் கேட்டேன். கடதாசியில் சுற்றி இரண்டு கையாலும் தந்தாள். வலது கையால் காசுத்தாளை நீட்டினேன், மிச்சம் வாங்கவில்லை. ஜெயன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், வெளியில் கண்ணாடியோடு ஒட்டிய முகங்கள். கடித்தேன். அருமையான ரோல். சொல்ல வேண்டியது ஒரு சொல், வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல். அதைச் சொல்லியிருந்தால் அக்கா அப்போதே கற்பூரம் காட்டியிருப்பார்.

கண்ணாடிக்கு அப்பால் அந்தத் தொப்பி தெரிந்தது.

"படி உயரம், பிள்ளை" என்றேன்.

அக்கா நெஞ்சில் கை வைத்தார்.   நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "என்ரை கடையும் உதாலதான் போனது. ஏற ஏலாத ஆக்கள் ஏலாது எண்டு சொல்லமாட்டினம். பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். இப்பவும் ஒராள் வெளியில நிக்கிறா."

  என் கையை நானே வெட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். தர்ஷினி எட்டி வெளியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஜெயனிடம் கேட்டாள். "பேஸ்மென்ற்ல அந்த கேண்டில் ஷொப் ஆக்கள் விட்டிட்டுப் போன ஷெல்ஃப் பலகை கிடக்குதெல்லோ? கல்லில தொடாதை எண்டுதானே இருக்கு. மேல பலகை வைக்காதை எண்டு இல்லையே?"

ஜெயன் அந்த நாலு நாளில் முதல் தடவையாக ஓடியதைப் பார்த்தேன். நீளப் பலகைகள் இரண்டைத் தூக்கிவந்து படியின் மேல் சரித்தான். ஆடாமலிருக்க மாமூட்டை ஒன்றை முட்டுக்கொடுத்தான். வரிசையில் நின்ற ஓர் ஆள் தானாகவே வந்து மறுபக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டார்.

டொறத்தி யார் கையையும் பிடிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி ஊன்றிப் பலகையில் ஏறி உள்ளே வந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். தகரப்பூக்கள். இவ்வளவு வருடமாக இதைப் பற்றி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். இப்போதுதான் காண்கிறேன் என்றார். தொப்பி பின்னால் விழுந்துவிட்டது. எடுக்கத் தோன்றாமல் நின்றார். அக்காதான் குனிந்து எடுத்து, பட்டுச்சேலைத் தலைப்பால் தூசு தட்டிக் கொடுத்தார்.

டொறத்திக்கு நன்றி சொல்லும் பழக்கம் அதிகம். அதோடு சேர்த்து, இந்தக் கட்டடத்தில் முதலில் சவப்பெட்டி செய்தார்கள் என்பதையும் அக்காவிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நானும் தர்ஷினியும் ஆளையாள் பார்த்தோம். அக்காவுக்கு ஆங்கிலம் தேவையான அளவு விளங்கும். கொஞ்சம் யோசித்தார்.

"அது நட்டப்படாத வியாபாரம்" என்றார். பிறகு அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ரோல்ஸ் முடிந்துவிட்டது. பின்னேரம் குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு வந்த இரண்டு தாய்மார் பலகையில் ஏறி வந்து, இல்லையென்றதும் மீன்பணிஸ் வாங்கினார்கள். கடை நிலைக்குமோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஒருநாள் விற்றதை வைத்து ராசி பேசுகிற ஆட்களோடு நான் இனிச் சேருவதில்லை. அக்கா மட்டும் இரவு சாப்பாட்டின்போது என்னோடு கதைக்கவில்லை. தட்டில் இடியப்பம் வைத்தார். கடைசியில், "கடை பூட்டினதை எனக்கு ஏன் சொல்லேல்லை" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. நானும் அழுதுவிட்டேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணம் திரும்பிய கிழமையே மேசனைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வீதியில் பூட்டிக்கிடந்த கடையின் படிகளை உடைத்துச் சரிவாகக் கட்டச் சொன்னேன். சம்மட்டிச் சத்தம் கேட்டுச் சைக்கிள்கடைக்காரர் வந்து நின்றார். கடையைத் திரும்பத் திறக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வயதும் இல்லை, முதலும் இல்லை.

"அப்ப என்னத்துக்கு ஐயா உடைக்கிறியள்?"

"உயரம்" என்றேன்.